அக்காவின் கல் சொன்ன பதில்

ஜூன் 3, செவ்வாய்

வெயில் பொசுக்குகிறது. அக்கா மட்டும் கழுத்து மூடிய காலர் சட்டையோடு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலருக்குத் துணி வெட்டிக் கொடுத்ததே நான்தான், எதற்கென்று எனக்குத் தெரியாதா? கழுத்துக் கட்டி வளர்ந்துகொண்டே போகிறது. ஆபரேஷன் பண்ணி எடுத்தே ஆகணும், தள்ளிப்போடாதீங்க என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இவளோ, "கல்லைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறாள்.

கல்லையாம்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூன் 5, வியாழன்

கேட்டுவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு ஊதாக் கல். முழங்கையை மேஜையில் ஊன்றி, நூலை இரண்டு விரலால் பிடித்து, கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆடினால் ஆமாம். பக்கவாட்டில் ஆடினால் இல்லை. காணாமல் போன கம்மல், பிறக்கப்போகும் குழந்தை என்று எதற்கெல்லாமோ எங்கள் தையல் கடைக்கு வருகிறவர்கள் இவளிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அதுவரைக்கும் சரி, விளையாட்டு.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

பக்கவாட்டில் ஆடியது. நன்றாகவே ஆடியது.

மாமா, "கல்லே சொல்லிடுச்சே" என்றார். இந்த மனுஷர் பொண்டாட்டி என்ன சொன்னாலும் தலையாட்டுவார், இப்போது கல்லுக்கும் ஆட்டுகிறார்.

விடமாட்டேன். இந்தக் கல்லா நானா, பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

அவள் கண்ணைத் துணியால் கட்டி, மறுபடி கேட்கச் சொன்னேன். கல் கோணல்மாணலாக எங்கெங்கோ சுற்றியது. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. "பாத்தியா? கண்ணை மூடினா கல்லுக்கு வழி தெரியலை!" என்று சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. "நம்பாதவ பக்கத்துல நின்னா அது பேசாதுடி" என்று துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

பேச்சுவார்த்தை இல்லை. கத்தரிக்கோல் வேண்டுமென்றால்கூடக் கையை மட்டும் நீட்டுகிறாள்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் அக்கா சாப்பிடப் போன நேரம், கல்லை நானே எடுத்தேன். "அக்கா ஆபரேஷன் பண்ணிக்கணுமா?"

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, முன்னும் பின்னும். போகப் போக வேகமாக. நான் ஆட்டவில்லை. சத்தியமாக ஆட்டவில்லை! கை மரம் மாதிரி இருந்தது. ஆனாலும் ஆடுகிறது.

திரும்பினால் அக்கா வாசலில் நிற்கிறாள்.

"என் கையில ஆமாம்னு சொல்லுதே, பாரு" என்றேன்.

"உன் கையில நீ நினைக்கிறதுதானே வரும்" என்றாள் பட்டென்று.

"அப்ப உன் கையில?"

நாற்காலியில் உட்கார்ந்து காலரை இழுத்து இழுத்து விட்டாள். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"குரல் போயிடுமோன்னு பயமா இருக்குடி. பக்கத்துல இருக்கற குரல் நரம்புல கத்தி பட்டா போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நான் பேசாம எப்படிடி இருப்பேன்?"

இதுதானா? இத்தனை நாளும் இதைத்தான் கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தாளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? — நான் எங்கே கேட்டேன், கத்திக்கொண்டுதானே இருந்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். வெட்டி வைத்திருந்த பட்டுத்துணியெல்லாம் நனைந்து போச்சு.

ஜூன் 12, வியாழன்

டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த முறை அக்காவே கேட்டாள். நரம்பில் கத்தி படுவது அபூர்வம், பார்த்துத்தான் எடுப்போம், கொஞ்ச நாள் கரகரப்பு இருக்கலாம் என்றார். "கட்டியை விட்டு வெச்சா? அதுவே பெரிசாகி நரம்பை அமுக்காதா?" என்றாள். அமுக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும், "தேதி வாங்கிட்டு வாடி" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போய் எவ்வளவோ நேரமாச்சு. மாமா நடந்துகொண்டே இருக்கிறார். தைரியமாக இரு, தைரியமாக இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பையில் இருந்த நூலில் கடைச்சாவியைக் கட்டித் தொங்கவிட்டேன். அக்கா பேசுவாளா? முன்னும் பின்னும் ஆடுகிறது. என் கைதான் ஆட்டுகிறது, தெரியும். தெரிந்தும் நிறுத்த மனசு வரவில்லை.

ஜூன் 25, புதன்

நேற்றெல்லாம் முனகல்தான். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்ன வந்தாலும் பார்த்துக்கொள்வோம்.

காலையில் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"கடையை... யாருடி பாத்துக்கறா?"

கரகரவென்று, தகரத்தைச் சுரண்டின மாதிரி. பூட்டிட்டு வந்துட்டேன் என்றேன். அவ்வளவுதான், கல்யாணத்துக்குத் தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கிடக்கு, உனக்குப் பொறுப்பிருக்கா, மூளை இருக்கா என்று பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஓடி வந்து, "இவ்வளவு பேசக் கூடாதும்மா" என்றாள்.

"கொஞ்சம் திட்டட்டும், விடுங்க சிஸ்டர்" என்றேன்.