செல்லாத நூறு ரூஃபியா

28.11.96, வியாழன்

மாலத்தீவுப் பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்கு வந்து மூன்று நாள். என் புண்ணியத்தில் பாளையங்கோட்டையில் மூன்றாம் வாய்ப்பாடு தெரியாத ஆளே இல்லை. மாலத்தீவு ரூஃபியா ஒன்றுக்கு நம் காசு மூன்று ரூபாய் என்று அண்ணன் கிங்ஸ்டன் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். "சௌக்கியமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் மனசுக்குள் பெருக்குகிறார்கள். கழிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. அங்கே தக்காளியே கப்பலில்தான் வரும். சம்பளத்தை டாலராக மாற்றத் தலைநகர் மாலேவுக்கு ஐந்து மணி நேரம் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே போகணும். அதற்கு எந்த வாய்ப்பாடு?

நாலு வருஷம் நான் அனுப்பிய டிராஃப்டில் அண்ணன் வீட்டுத் தரை மொசைக் ஆகிவிட்டது. அந்த மொசைக்கில் எனக்கு ஒரு பாய். நாற்பத்தாறு வயசுக் கன்னிப் பெண்ணுக்கு ரூம் எதற்கு என்று மதினி கிறிஸ்டி நினைத்திருப்பாள். இப்போது மாடி கட்ட வேண்டுமாம். மொட்டைமாடிக் கம்பிகள் நான் தெருவில் வரும்போதே கை நீட்டுகின்றன.

இந்த வருஷச் சம்பளம் மட்டும் என் பேரில் பாங்கில் கிடக்கிறது. அது பெருமாள்புரத்துக்கு அப்பால் புரோக்கர் மதார் பாய் காட்டிய நாலு சென்ட் மனைக்கு. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சுறாமீனைப் பக்கத்தில் பார்த்தவள் நான்! ஆனாலும் சொல்லவில்லை.

29.11.96

இன்றும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி.

1.12.96, ஞாயிறு

சர்ச்சுக்குப் புறப்படும்போது, "சிமெண்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்ட்டி" என்று என் பர்ஸில் இருந்த ரூபாயை முழுக்க உருவிக்கொண்டான் அண்ணன். காணிக்கைப் பை என்னிடம் வந்தபோது பர்ஸில் இருந்தது ஒரே ஒரு நூறு ரூஃபியா நோட்டு. மதினி ஓரக்கண்ணால் பார்க்கிறாள். சும்மா கை விட்டு எடுக்க முடியுமா? நோட்டை நன்றாக விரித்தே போட்டேன். ஆண்டவருக்கு எல்லா நாட்டுக் காசும் தெரியும்.

4.12.96, புதன்

பாங்க்காரனுக்குத் தெரியவில்லை. சபைப் பொருளாளர் ஜேசுதாசன் அண்ணாச்சி நோட்டும் கையுமாக வந்து நிற்கிறார்.

"டீச்சர், இத ஒரு பாங்குலயும் வாங்க மாட்டுக்கான். டாலர்னா சரிங்கான். படகுப் படத்தப் பாத்துச் சிரிக்கான்."

"தாங்க அண்ணாச்சி, ரூவாயா தந்திருதேன்."

"போட்ட காணிக்கையத் திருப்பித் தரக்கூடாதுல்லா? ஞாயித்துக்கெழம ஏலத்துல விட்டிருவோம்."

வருகிற ஞாயிறு சர்ச்சின் பிரதிஷ்டைப் பண்டிகை. அன்று காணிக்கையாக வந்த வாழைத்தார், சேவல் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். போன வருஷம் ஒரு பூசணிக்காய் நானூறு ரூபாய்க்குப் போனது. பூசணிக்காயையா கேட்டார்கள்? கௌரவத்தை அல்லவா கேட்டார்கள்!

8.12.96, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே தீரணும்.

"ஊர்லயே ஒண்ணுதான், படகு போட்ட நோட்டு!" என்று ஜேசுதாசன் அண்ணாச்சி தூக்கிக் காட்டினார். முந்நூறில் ஆரம்பித்தது. ரைஸ்மில் வேதமுத்து ஐநூறு என்றார். அவருக்கும் அண்ணனுக்கும் பத்து வருஷமாக ஆகாது. உடனே அண்ணன் எழுநூறு. அவர் ஆயிரம். இப்படியே ஏறி, அண்ணன் இரண்டாயிரத்து முந்நூறு என்றதும் வேதமுத்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்காரர்.

"யார் பேருக்கு எழுத?"

"தங்கச்சி பேருக்கு எழுதுங்க அண்ணாச்சி. வெளிநாட்டுச் சம்பளம்லா!"

சபையே சிரித்தது. எனக்கு என்ன வந்ததோ, எழுந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, ஏலம் கேட்டது நானா? நான் போட்ட நோட்ட நானே ரெண்டாயிரத்துக்கு வாங்க எனக்கென்ன கிறுக்கா? கேட்டவுக பேரத்தானே எழுதணும்?"

பெண்கள் பக்கமிருந்து "அதானே!" என்று ஒரு குரல். யாரோ, நல்லா இருக்கணும். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கிங்ஸ்டன், கிறிஸ்மஸுக்குள்ள கட்டணும்" என்று வாய்விட்டுச் சொல்லியே எழுதினார்.

சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனத்தில் கறிக்குழம்பு இரண்டு தடவை வாங்கினேன். 

9.12.96

"சபையில என் மானத்த வாங்கிட்டியேட்டி! அப்ப மாடி?"

"மாடி கெடையாது. நாலு சென்ட் மனை. என் பேர்ல."

"பொட்டச்சி ஒத்தையில வீட்டக் கெட்டி, யார்கூட இருக்கப் போற?"

"என்கூட."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. அடுக்களையில் மதினி கையிலிருந்த கரண்டி மட்டும் விழுந்தது.

18.12.96, புதன்

பத்திரம் பதிந்தாயிற்று. இடது பெருவிரல் மையைக் கழுவ மனசில்லை. அண்ணன் வரவில்லை. சாட்சிக் கையெழுத்து ஜேசுதாசன் அண்ணாச்சிதான். சிமெண்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கித்தான் அண்ணன் ஏலப் பணத்தைக் கட்டினானாம்; அவர்தான் சொன்னார். (நான் கேட்கவில்லை. சரி, கேட்டேன்.) அப்படியென்றால் அதுவும் என் பர்ஸில் உருவிய காசுதானே! போகட்டும். ரசீது அவன் பேரில், பத்திரம் என் பேரில்.

4.1.97, சனி. திருவனந்தபுரம் ஏர்போர்ட்

காலையில் வண்ணார்பேட்டையில் பஸ் ஏற்றிவிட அண்ணன் வந்தான். நாலு வாரமாகப் பேசாதவன் பெட்டியை மேலே தூக்கிப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாக அந்த நோட்டை நீட்டினான்.

"அங்கன செல்லும்லா? மாத்தி முந்நூறு ரூவா அனுப்பிரு."

"டிராஃப்ட் கூலி போகத்தான் வரும்ணே."

"எவ்வளவு?"

"நூத்தம்பது."

"சவத்த எடுத்துட்டுப் போ!" என்றான். சிரித்த மாதிரி இருந்தது. பஸ் நகர்ந்துவிட்டது, நிச்சயமாகத் தெரியவில்லை. நாங்குநேரி தாண்டும்வரை நோட்டு கையிலேயே இருந்தது.

இங்கே ஒரு அட்டை தந்து நிரப்பச் சொன்னார்கள். இந்தியாவில் உங்கள் முகவரி? நாலு வருஷமாக அந்த இடத்தில் அண்ணன் பேரும் கதவு எண்ணும் எழுதியிருக்கிறேன். இன்று எழுதினேன்: இன்பமணி, மனை எண் 17, பெருமாள்புரம் விரிவு. தேடிப் போகிறவருக்கு நாலு எல்லைக்கல்லும் மேய்கிற ஆடும்தான் அகப்படும்.

ஆபீசர் பார்த்தார். முத்திரை குத்தினார்.