யூசு சாஸ்காரிக்கு மூக்கில்லை

நவம்பர் 6
யூசு எலுமிச்சங்காய் பறிக்கப் போய் ஏணியோடு சரிந்து இன்றோடு பதினெட்டு நாள். பின்மண்டைத் தையலைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் சுட்ட இறைச்சிக் கடைக்குப் போனேன். கரி அடுப்பில் இறைச்சி புகைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. யூசுத் தோலை நகத்தால் கீறி மூக்கில் வைத்து அழுத்தினேன். வெறும் ஈரம்.

நவம்பர் 7
சளியாக இருக்கும்.

நவம்பர் 15
சளி இல்லை. மோப்ப நரம்பு அறுந்திருக்கலாம் என்கிறார் மருத்துவர். திரும்ப வருமா என்று கேட்டேன். மேஜையில் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தார்.
ஷிகேஹாருவிடம் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் 'இவ என் மனைவி' என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. 'சாஸ் பண்றது இவதான்' என்பார்.

நவம்பர் 24
கைக்கணக்கில் காய்ச்சுகிறேன். சோயா, இஞ்சி, பூண்டு, ஆப்பிள் துருவல், இறக்கும்போது யூசுச் சாறு. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிகின்றன. மீதி ஞாபகம்தான்.
நாத்தனார் தொமியே கரண்டியை நக்கிப் பார்த்தாள். "பூண்டு தீஞ்சிருக்கே அண்ணி, தெரியலயா?"
"வேணும்னுதான் தீய விட்டேன்."
என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிசம்பர் 2
மதியக் கூட்டம் கலைந்த பிறகு. அவர் இருந்தார், தினமும் வரும் இரண்டு பேர் இருந்தார்கள். தொமியே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "புதுசா கலக்கினேன் அண்ணி. நீங்க சொன்னாத்தான் சரி."
குடித்தேன். உப்பு, புளிப்பு, இனிப்பு. "நல்லாருக்கு. யூசுத் தோல் இன்னும் கொஞ்சம் துருவிப் போடு."
"பாதி நம்ம சாஸு. மீதி, கெட்டுப்போன கறித்தட்டுல வடிஞ்ச ரத்தம். நாலு நாளா வெளியில வெச்சிருந்தேன். அண்ணா, நான் சொன்னேன்ல? மூக்கு செத்துப்போச்சு."
ஒருவர் எழுந்து வெளியே போனார். மற்றவர் சிரித்தார். என் புருஷனும் சிரித்தார்.
அவருக்கு முன்னாடியே தெரியும். கிண்ணத்த எடுத்துட்டு வந்தப்பவே தள்ளிப்போய் நின்னாரு. நான் பாத்தேனே — பாத்தும் ஏன் குடிச்சேன்?

டிசம்பர் 3
வாந்தி, காய்ச்சல். யாரும் மாடிக்கு வரவில்லை.

டிசம்பர் 20
சாஸ் அடுப்பு இப்போது தொமியேவுக்கு. எனக்கு இறைச்சி சுடும் கம்பி வலை தேய்க்கிற வேலை. விற்கிற சாஸ் புட்டியில் ஒட்டும் தாளில் அவள் முகம்.
"உன்னால கடைக்கு என்ன பிரயோஜனம்? நீயே சொல்லு," என்றார் அவர்.
நான் நிஜமாகவே யோசித்தேன். அதுதான் வெட்கம்.

பிப்ரவரி 9
வீட்டை விட்டு வந்தாயிற்று. குபோகவாவில் பன்றிப் பண்ணை. கழிவுத் தொட்டி வேலைக்கு இங்கே யாரும் ஒரு வாரம் நிற்பதில்லையாம். முகமூடி இல்லாமல் வாளியில் அள்ளிய என்னை முதலாளியம்மா ஹிசாயோ வாய் பிளந்து பார்த்தாள். "இத்தனை நாளா எங்கடி இருந்த நீ?"

மே 17
அவர் வந்தார், கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரை குத்த வேண்டிய விவாகரத்துத் தாளோடு. கழிவுத் தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்காரவைத்தேன்.
"உள்ள போய்ப் பேசலாமே."
"இங்கதான் படிக்க வெளிச்சம்."
ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வடிந்தது. "சீக்கிரம் முத்திரை குத்து, ஹருயோ." கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னது இதுதான் மூன்றாவது தடவையோ, நான்காவதோ.
"பொறுங்க. அவசரத்துல தப்பா குத்திடக் கூடாது."
வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். தேநீர் ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன். பிறகு முத்திரையை வைத்தேன். கோணலாக விழுந்தது. வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.
இருந்தது. அதையும் முதல் வரியிலிருந்து படித்தேன்.