இரண்டாவது பொட்டலம்

அன்று நீ கட்டிய இரண்டு பொட்டலங்களிலும் சிவப்பு அரளியைத்தான் வைத்தாயா?  நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது, இனிக் கேட்க வழியில்லை.

யுத்தத்தின்போது பூட்டிய கல்லூரிச் சாமான் அறையை இந்த வாரம்தான் திறந்தார்கள். நம் கூடாரத்தை வெயிலில் உதறினேன். கித்தானின் பழைய வாடையோடு மடிப்பிலிருந்து ஒரு இலைப் பொட்டலம் விழுந்தது. கை பட்டதும் நொறுங்கியது. உள்ளே பூ பழுப்பாக இருந்தது. தாவரவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். அது வெள்ளை அரளியா, சிவப்பா என்று சொல்ல முடியவில்லை.

கொல்லிமலை யோசனை உன்னுடையது. மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டைத் தாண்டி, மழை அரித்துப் பிளந்த செம்மண் பள்ளங்களுக்கு நடுவே கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்று நெடுநாள் திட்டமிட்டாய். கோடை முடிந்ததும் உனக்குத் தொலைதூரத்துக்கு மாற்றல். அந்த முறை விட்டால் மறுமுறை இல்லை. சேந்தமங்கலத்துச் சத்திரத்தில் கூடார முளையால் தரையில் ஓடைகளைக் கீறிக் காட்டினாய். "இடத்தைக் கண்ணுக்கு அழகா இருக்குன்னு எடுக்காதே. தண்ணி எந்த வழியா போயிருக்குன்னு பாரு" என்பாய். நான் தலையாட்டினேன். காலையிலிருந்தே என் முதுகில் குளிர் ஊர்ந்துகொண்டிருந்தது. மலைக் காய்ச்சல் கண்டால் மேலே வைத்தியர் இல்லை. கீழே தூக்கி வருவதற்குள் உயிர் தங்காது என்று சொல்வார்கள். உன் முகத்தைப் பார்த்தபின் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சலுக்கான கொயினா புட்டியை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துக் கட்டியாகிவிட்டது.

அடிவாரத்தில் சுமை தூக்க வந்த சடையன் மூட்டையைத் தொடவில்லை.

"பூக் கேக்காம அந்தப் பள்ளத்துல நாங்க எறங்கறதில்லீங்க அம்மிணி. வெள்ளை வந்தா போலாம். செவப்பு வந்தா ஊடு திரும்பிக்கோணும்."

"எங்களுக்கு எத்தனை நாள் லீவுன்னு உங்க சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டாய்.

"லீவெல்லாம் உங்க ஆபீசுல கேட்டுக்கோங்க. எங்க சாமி பள்ளத்த மட்டுந்தானுங்க பாக்கும்."

அவனோடு வந்த சுமையாட்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வெயில் ஏறும்வரை வாதாடினாய். அவன் வெற்றிலையை மென்றபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் நீதான் இறங்கி வந்தாய்.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே இலையில் கட்டிச் சாமி முன் வைத்தால் குழந்தை ஒன்றை எடுக்கும். பயணம் போகிறவர்களே கட்ட வேண்டுமாம். கோயில் ஓடைக்கு அக்கரையில் இருந்தது. கல்லைத் தாண்ட எனக்குக் கை கொடுத்தாய். தாண்டிய பிறகும் கையை விடாமல் என்னைப் பார்த்தாய்.  பிறகு அரளிச் செடிகளிடம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கட்டினாய்.

"எடு கண்ணு" என்றான் சடையன். அவனுடைய சின்ன மகள் ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"உத்தரவில்லீங்க" என்றான். "இன்னொண்ணப் பிரிக்கப்படாதுங்க."

நீ அதைக் கூடாரத்தின் மடிப்பில் செருகினாய். "சாமியே சொல்லியாச்சு. வாடி, போலாம்" என்றாய். அவ்வளவு வாதாடியவள் அத்தனை சீக்கிரம் அடங்கியது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் உள்ளே இறங்கிய நிம்மதியில் நான் எதுவும் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ முறை கேட்கத் தோன்றியது. நீயாகச் சொல்லாததை நான் கேட்பதும், நானாகச் சொல்லாததை நீ கேட்பதும் நமக்குள் வழக்கமில்லை.

பூ சொன்னது என்று நான் இன்றும் நம்பவில்லை. இரண்டில் ஒன்று வரத்தான் வேண்டும், சிவப்பு வந்தது. ஆனாலும் அந்தத் துகளைக் காகிதத்தில் மடித்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். நீ அந்தப் பள்ளங்களைப் பார்க்கவே இல்லை.

பூக் கேட்ட மறுநாள் நடந்தது இது. மேகம் இல்லை, மலை தெளிவாகத் தெரிந்தது. நாமக்கல் பஸ் கிளம்பிச் சற்றைக்கெல்லாம் எனக்கு நடுக்கம் கண்டது, பற்கள் கிட்டித்துக்கொண்டன. நீ கூடாரத் துணியை மடிப்பு பிரிக்காமல் அப்படியே இழுத்து என்மேல் போர்த்தினாய். கொயினா புட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் ஏறும்போதே அதை மூட்டையிலிருந்து எடுத்து உன் மடியில் வைத்திருந்தாய், தண்ணீர்ச் செம்போடு.