ஆடி அமாவாசைக்கு ஓட்டல் அறை

பாரீஸ்
20.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீயும் மாமாவும் ஒதியம்பட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. பாண்டியில் கடற்கரைக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகை ஒன்றைப் பெரிய ஓட்டலாக்கியிருக்கிறார்களே, அதில் உங்களுக்கு அறை போட்டிருக்கிறேன். ஜூலை 23 முதல் மூன்று நாள்.

24-ஆம் தேதி ஆடி அமாவாசை, நம் கொல்லை நிலத்தில் இருக்கும் அப்பா சமாதியில் விளக்கு வைக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்காதே. கடல் இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே வைத்தாலும் அப்பா ஏற்றுக்கொள்வார். வேறு தேதியில் அறை கிடைக்கவில்லை. மறுக்காமல் போய் வா.

அன்புத் தம்பி
புகழ்வேந்தன்

•

பாண்டி
24.7.2025

என் தங்கத் தம்பி புகழுக்கு,

ஓட்டல் மேசையில் வைத்திருந்த தாளிலேயே எழுதுகிறேன். இவ்வளவு வழவழப்பான தாளில் என் கோழிக் கிறுக்கலை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வாசலில் தலைப்பாகைக்காரர் சலாம் போட்டதும் உன் மாமா அவரைக் கும்பிட்டு, "நல்லாக்கீங்களாபா?" என்று விசாரித்தார். குளியலறையைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தொட்டியில நம்ம மாடே படுக்கும் போலருக்குதே!" என்றார். இட்லிக்கு முள்கரண்டி கொடுத்தார்கள். நான் கையால்தான் சாப்பிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விடிகாலையில் கடற்கரையில் அப்பாவுக்கு விளக்கு வைத்தேன். அவர் போனதிலிருந்து நான் கொல்லைச் சமாதிக்குப் போகாத அமாவாசை இதுதான். மனசு கேட்கவில்லை. ஆனாலும் தம்பி ஆசையாய் அனுப்பியிருக்கிறானே என்று தேற்றிக்கொண்டேன். எனக்கு இப்படியொரு தம்பி என்று அறை துடைக்க வந்த பெண்ணிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. ஒரே குறை, இவ்வளவு செலவு செய்தவன் நீயும் வந்து ஒரு நாள் எங்களோடு இருந்திருக்கலாம்.

உன் அக்கா
விஜயா

•

ஒதியம்பட்டு
27.7.2025

புகழு,

வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனேன். அப்பா சமாதி இல்லை. பக்கத்தில் நின்ற வேம்பும் இல்லை. உன் பங்கு நிலம் முழுக்கச் செம்மண் கொட்டி, மட்டப்படுத்தி, மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

பக்கத்துக் கொல்லை ஜெயசித்ரா ஓடி வந்தாள். "அமாவாச அன்னிக்குக் காத்தாலயே ஜேசிபி வந்துடுச்சிக்கா. நீங்க பாண்டியில தங்கிட்டீங்களா, உங்களுக்குத் தெரிஞ்சிதான் நடக்குதுன்னு நெனச்சோம்" என்றாள்.

உண்மையைச் சொல். வேறு தேதியில் அறை கிடைக்கவில்லையா, இல்லை அந்தத் தேதியில் நான் இங்கே இருக்கக்கூடாது என்று பார்த்தாயா? அப்பா எங்கே?

அக்கா

•

பாரீஸ்
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. சமாதி இருக்கிற நிலத்தை மனை போட வாங்க மாட்டோம் என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். உன்னிடம் சொன்னால் நீ ஜேசிபிக்கு முன்னால் படுத்துக்கொள்வாய். கண்ணால் பார்த்தால் தாங்க மாட்டாய் என்றுதான் நல்ல ஓட்டலாகப் பார்த்து அனுப்பினேன்.

அப்பாவை மரியாதையாக எடுத்து, அன்றைக்கே திருக்காஞ்சி ஆற்றில் கரைக்கச் சொல்லியிருந்தேன். புரோக்கர் அருள்மொழி எல்லாவற்றையும் முறைப்படி செய்து போட்டோ அனுப்பினார். ஆடி அமாவாசை, புண்ணிய நாள்தானே. பொங்கலுக்கு வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புத் தம்பி
புகழ்வேந்தன்

•

ஒதியம்பட்டு
21.8.2025

புகழ்வேந்தனுக்கு,

நிலம் உன் பங்கு. நீ விற்பதற்கு நான் என்றைக்குக் குறுக்கே நின்றேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பங்கில் இடம் விட்டு, என் கையாலேயே அப்பாவை எடுத்து வைத்திருப்பேன். நீ கேட்கவில்லை. மெத்தையில் படுக்க வைத்துக் கழுத்தை அறுத்தாய். உன்னைப் பற்றி நான் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அப்பாவைத் தோண்டியிருக்கிறார்கள்.

அருள்மொழியைத் தேடிப் போய்க் கேட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொன்ன வேலையைச் செய்தார். ஆற்றங்கரையில் இறந்தவர் பெயர் என்ன என்று ஐயர் கேட்டபோது விழித்தாராம். "பெரியவர்னு சொல்லித் தண்ணி வுட்டேம்மா. பேரு எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். பிள்ளையும் பெண்ணும் உயிரோடு இருக்க, அப்பா பெயரில்லாமல் ஆற்றோடு போயிருக்கிறார்.

மறுநாள் நானே திருக்காஞ்சிக்குப் போனேன். பெண்பிள்ளை தண்ணீர் விடக்கூடாது என்றார் ஐயர். நான் கேட்கவில்லை. ஆற்றில் இறங்கி, அப்பா பெயரை உரக்கச் சொல்லித் தண்ணீர் விட்டேன். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொங்கலுக்கு நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
சாமிநாதன் மகள்
விஜயகுமாரி