பெஜோவில் ஆறு சிலிண்டர்

ஐன் எல் ஹம்மாம்,
அல்ஜீரியா,
4 மார்ச் 1989

அன்புள்ள அரெஸ்கி,

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் மூட்டுவலி மட்டும் பனி உருகும்வரை விடாதாம். லியோனுக்குப் போனபின் உன் கடிதங்கள் தந்தியாகிவிட்டன. கொஞ்சம் கூடுதலாக எழுதினால் கை தேய்ந்தா போகும்?

உங்கள் பழைய பெஜோ 504 காருக்கு எஞ்சின் கிடைத்துவிட்டது. பின்பக்கம் நொறுங்கிய ஒரு பெஜோ 505 காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின். இறக்கி உட்கார வைத்துவிட்டேன். ஆனால் அதன் தலைமேல் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டு, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அலுமினியக் கூடு, உயரமாக நிற்கிறது. எஞ்சின் மூடியான பானட் மூடவில்லை. பானட்டை வெட்டட்டுமா?

உன் தங்கை தஸ்ஸாதித், தடுப்பூசி ஜீப்பை என் பட்டறை வாசலில் நிறுத்தி எட்டிப் பார்த்தாள். "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதே, இதுக்கும் ஊசி போடணுமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். நர்ஸ் வேலை அவளுக்குப் பொருந்திவிட்டது.

உன்
மெஸியான்

லியோன்,
பிரான்ஸ்,
19 மார்ச் 1989

நண்பா மெஸியான்,

பானட்டைத் தொடாதே. அப்பா சாவதற்கு முந்தைய கோடையில் தன் கையால் வர்ணம் பூசியது. மேனிஃபோல்டை வெட்டிக் குள்ளமாக்கு. பிரேக்கையும் மாற்று, அந்த எஞ்சினின் வேகத்தைப் பழைய பிரேக் தாங்காது. ஆகஸ்டில் வருகிறேன். அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும்.

அரெஸ்கி

ஐன் எல் ஹம்மாம்,
7 மே 1989

அன்புள்ள அரெஸ்கி,

திட்டாமல் படி. மேனிஃபோல்டின் நடுவில் ஒரு பட்டையை அறுத்தெடுத்து வெல்டிங் வைத்தேன். முதல் தடவை வெடிப்பில் காற்று புகுந்து விசிலடித்தது. மறுபடி வைத்தேன். பானட் பூப்போல மூடியது, எஞ்சினும் உறுமியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தஸ்ஸாதித்தை ஒரு சுற்று வரக் கூப்பிட்டேன்.

"பிரேக் மாத்திட்டியா?"

"அடுத்த வாரம்."

"அப்ப நானும் அடுத்த வாரம்."

தனியாகப் போனேன். இறக்கத்தில் வளைவு தாண்டியதும் சாலை நிறைய ஆடுகள். பெடலை மிதித்தேன், தரையைத் தொட்டது. மலைப்பக்கமாகத் திருப்பிப் பாறையில் உரசி நிறுத்தினேன். ஒரு விளக்கு உடைந்தது, என் நெற்றியும் கிழிந்தது. ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. மறுபக்கம் பள்ளம் என்பது உனக்கே தெரியும்.

கீழிருந்து ஜீப்பில் வந்த தஸ்ஸாதித் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அங்கேயே என் நெற்றிக்குத் தையல் போட்டாள். அதன்பின் ஜீப் என் வாசலில் நிற்பதே இல்லை. பட்டறையில் எஞ்சின் ஓடினாலும் வெறிச்சென்று இருக்கிறது. எனக்காக நீ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மெஸியான்

லியோன்,
21 மே 1989

மச்சான்,

இப்படி அழைப்பது பிழையில்லை என்று நினைக்கிறேன். காரைப் பற்றிக் கேட்டால் நீ என் தங்கையைப் பற்றி எழுதுகிறாய். அம்மாவைப் பற்றி அவளிடம் கேட்டால் அவளும் உன்னைப் பற்றித்தான் எழுதுகிறாள். "உன் சினேகிதன் செத்திருப்பான்ணே. தையல் போடுறப்ப ரெண்டு தடவை நூல் தவறிடுச்சு. எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன், ஒருநாளும் தவறுனதில்ல" என்று எழுதியிருக்கிறாள்.

தூது போக என்னால் முடியாது. முதலில் பிரேக்கை மாற்று. பிறகு நீயே அவளிடம் கேள். வேண்டாம் என்றாலும் நீ என் நண்பன்தான்.

அரெஸ்கி

ஐன் எல் ஹம்மாம்,
18 ஜூன் 1989

அன்புள்ள அரெஸ்கி,

505-இன் பெரிய பிரேக் தட்டுகளை முன்சக்கரங்களில் மாட்டிவிட்டேன். பெடலின் மிதியை எண்ணெயழுத்தமாக்கி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக மாற்றினேன். சுகாதார நிலையத்துக்குப் போய், "வந்து மிதிச்சுப் பாரு, சரியில்லேன்னா காரை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றேன். வந்தாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவளே ஓட்டினாள்.

அதே இறக்கம். வேகத்தைக் கூட்டி, ஓங்கி மிதித்தாள். கார் கோடு போட்டதுபோல நேராக நின்றது. இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவள் கைப்பிரேக்கை இழுத்தாள். பிறகு சொன்னாள்:

"சரின்னு சொல்லத்தான் இத்தனை வருஷமா வாசல்ல வண்டிய நிறுத்தினேன். இதைக் கேக்க உனக்கு ஒரு எஞ்சினையே மாத்த வேண்டியிருந்துச்சா?"

சீக்கிரம் வா.

உன்
மெஸியான்