முனாப் காக்கா தராத தோட்டா

2025 பெப்ரவரி 11

வேளாண்மை வெட்டி முடிந்தது. கார்த்திகை வெள்ளத்தில் அழுகியது போக மிஞ்சியதைத்தான் வெட்டினோம். வாப்பா வயல் வட்டைப் பக்கமே வரவில்லை. இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். இன்று தேத்தண்ணி கொண்டுபோனபோது, "நான் இல்லாட்டி உங்களுக்கு லேசு, மகள்" என்றார்.

கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் வராதே. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் சத்தமே வராது. அதற்குப் பயந்தே பத்தாம் ஆண்டோடு நின்றவள் நான்.

பெப்ரவரி 13

உம்மா கண்ணூறு என்கிறா. ஓதின தண்ணீர் இரண்டு போத்தல் வந்திருக்கிறது.

பெப்ரவரி 15

காலையில் வாப்பா குளித்து, தாடி ஒதுக்கி, வெள்ளைச் சேட் போட்டார். "பாத்தியா, தண்ணி வேல செய்யிது!" என்று உம்மாவுக்குச் சந்தோசம்.

"வா மகள், கல்முனையில செருப்பு வாங்கித் தாறன்."

ஒரு வருடமாக நான் கேட்ட செருப்பு. வாங்கித் தந்தார். திரும்பும்போது முனாப் காக்காவின் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். யானைக் காவலுக்குத் துவக்கு வைத்திருப்பவர்களுக்கு, லைசன் பார்த்துத் தோட்டா விற்கிற கடை. வாப்பா லைசனை நீட்டினார்.

"பழைய கோது எங்க, சாலிஹ்?"

சுட்ட வெறுங்கோதைக் காட்டினால்தான் புதுத் தோட்டா. அது முனாப் காக்காவின் வழக்கம்.

"கோது இல்ல."

"வட்டையில என்ன நிக்கிது?"

"வெட்டியாச்சி."

"அப்ப ஆன என்னத்துக்கு வருது? உன்ட வைக்கலுக்குக் கலியாணம் பேசவா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. முனாப் காக்காவும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மகள், வாப்பாக்குச் சுகமா?"

எல்லாரும் திரும்பினார்கள். குனிந்தேன் — காலில் புதுச் செருப்பு. கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது, இன்றைக்கு மட்டும் ஏன்?

"இல்ல" என்றேன்.

முனாப் காக்கா லைசனை மூடித் திருப்பித் தந்தார். "இண்டைக்குத் தர மாட்டன்."

"என்ட லைசன் சரி. தராம விடுறதுக்கு நீ ஆரு?"

"லைசன் சரிதான். இவ்வளவு நேரமும் எனக்கு ஒண்டும் தெரியா. இப்ப புள்ள சொல்லித்து. நாளைக்கு ஒண்டு நடந்தா, தெரியாமக் குடுத்தன் எண்டு கோட்டுல ஜட்ஜுக்கிட்ட சொல்ல ஏலுமா? கோட்ட விடு. உன்ட புள்ளைக்கிட்ட நான் என்ன சொல்ற?"

நிந்தவூரில் வீட்டுக்கு வந்ததும் வாப்பா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பெப்ரவரி 16

உம்மா: "கடைக்குள்ள வாப்பாட மானத்த வித்துத்து வந்திருக்காய். இனி மூத்தவள், உன்ட ராத்தாவ, ஆரு பொண் கேட்டு வருவான்? பைத்தியக்காரன்ட மகள் எண்டுவானுகள்."

பிழை செய்துவிட்டேனா? செருப்பைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 17

முனாப் காக்கா வந்தார், உம்மாவின் தம்பி நிஸாம் மாமாவோடு. வாப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அவர் கதைத்தது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"எனக்கும் இந்த வருத்தம் வந்த, சாலிஹ். சுனாமிக்குப் புறகு. தோட்டா என்ட கைக்கு எட்டாம, கடப் பூட்டுத் தொறப்ப மனிசிட கையில குடுத்துத்து, ஆறு மாசம் மருந்து குடிச்ச. நீ எனக்கு ஏசு. ஆனா துவக்கு இந்த ஊட்டுல வேணாம்."

பிறகு வாப்பா அழுதார். நான் பிறந்ததிலிருந்து கேட்காத சத்தம். அஸர் தொழுகைக்கு முன்னர் வாப்பாவும் மாமாவும் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள்.

யா அல்லாஹ், முனாப் காக்காவுக்கு நீண்ட ஆயுளைக் கொடு.

பெப்ரவரி 20

வாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போனோம். யாரும் காணக்கூடாது என்று உம்மா முகத்தை மூடிக்கொண்டு ஒரு மூலையில் போய் இருந்தா. பக்கத்தில் இருந்தவ எங்கள் தெரு றபீக்கா மாமி.

"என்னகா, நீயுமா?" என்று உம்மா கேட்டா.

"ஓம். அஞ்சு வருசமா வாறன். நீங்க இப்பத்தானா?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்திரையைத் தூக்கிவிட்டா.

இது நோய்தான், மருந்து இருக்கிறது என்று டொக்டர் சொன்னார்.

மார்ச் 14

நோன்பு திறந்ததும் வாப்பா இன்னொரு கோப்பை கஞ்சி கேட்டார். ராத்தாவும் நானும் ஒன்றாக எழும்பினோம்.

ஏப்ரல் 27

விதைப்புக்கு வாப்பா வட்டைக்குப் போனார். நான் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

ஜூன் 21

சிறுபோக வேளாண்மை முழங்காலுக்கு மேலே நிற்கிறது. இன்று வாப்பா என்னை ஏற்றிக்கொண்டு முனாப் காக்காவின் கடைக்குப் போனார். "தோட்டாக்கு வரல்ல. சலாம் சொல்ல வந்த" என்றார்.

முனாப் காக்கா என்னைப் பார்த்தார். "வாப்பாக்குச் சுகமா, மகள்?"

நான் யோசித்தேன்.

"பாரன், எவ்வளவு நேரம் எடுக்காள்!" என்று வாப்பா சிரித்தார்.

"முக்காவாசி சுகம்" என்றேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு சத்தமாகவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா லைசனை எடுத்து என் கையில் வைத்தார்.

"துவக்குத் திரும்பி வந்தாலும் இது உன்னிட்டத்தான் கிடக்கோணும். நான் கேட்டா, சுகமா எண்டு கேட்டுத்துத்தான் தரோணும்."

இந்தக் கொப்பிக்குள்தான் வைத்திருக்கிறேன்.