கப்பலில் கரைந்த உன் குவைத் டொலர்

என் உயிரான அக்காவுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்து சேமக்காலைக்கு வந்து உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினேன். உன்னிடம் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் உன் புருஷன் பக்கத்திலேயே நின்றார், அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கே கொடுக்கப்போகிறேன். கடைக்குப் பேப்பர் வாங்குகிறாரே, வாசிக்கட்டும். அவரை அத்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பெயின்ட் கம்பெனி ஹார்ட்வெயார் கடைக்காரர்களுக்கு வைக்கும் போட்டி உனக்குத் தெரியும். இந்த முறை அதிகம் விற்றவர்களில் இவரும் ஒருவர். பரிசு, சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம், இரண்டு பேருக்கு. நீ இருந்திருந்தால் போயிருப்பாய். உன் இடத்தில் உன் மகள் அனிதா போனாள்.

"எல்லாம் ஃப்ரீ" என்று மாத்தளைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். கம்பெனி கொடுத்த தாள்களை வாசித்தது அனிதாதான். அறையும் பொதுக்கூடத்துச் சாப்பாடும் மட்டும்தான் இலவசம். ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், குடிபானம், இன்டர்நெட், கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கிற பஸ், அத்தனையும் டொலரில். அவள் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி ரூபாயில் பெருக்கினாள். டொலர் ஏறினால் சமாளிக்கக் கொஞ்சம் கூட்டி வைத்து, ஒரு நாளைக்கு இதற்கு மேல் இல்லை என்று கோடு போட்டாள். உன் பிள்ளையல்லவா?

அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெரிய மனிதர் சொன்னது இது: "கப்பல்ல போற மனுசன் கொப்பிய வச்சுக்கிட்டா போவான்? மானத்த வாங்காத புள்ள."

கப்பலில் ஏறும்போது செலவுக் கணக்குக்கு ஒரு கார்ட் பதியச் சொன்னார்களாம். வீட்டில் இருந்த ஒரே டொலர் கார்ட் உன்னுடைய கணக்கினுடையது. குவைத்தில் ஆறு வருஷம் யாரோ வீட்டுத் தரையைத் துடைத்து, அனிதாவின் நர்சிங் படிப்புக்கென்று நீ சேர்த்த கணக்கு. அதில் அவர் பெயரை ஏன் சேர்த்தாய் அக்கா? கடைசி வரைக்கும் அவரை நம்பினாயே, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அங்கே கையில் காசு கேட்பதில்லை. அறைச் சாவி அட்டையை நீட்டினால் போதும். இவருக்கு அது நம் கடைக் கடன் கொப்பியாகத் தெரிந்திருக்கிறது. கடனுக்குச் சாமான் எடுக்கும் மேசன்மார் மாதக் கடைசியில் வந்து, வாதாடி, சில்லறையைத் தட்டிவிட்டுத்தானே கட்டுவார்கள்? "கடைசி நாள் மொத்தமா பேசிக் கொறைச்சுக்கலாம்" என்று மகளிடம் ரகசியமாகச் சொன்னாராம். அந்தத் தைரியத்தில், அதே பரிசில் வந்த நாவுல, நாலந்தாக் கடைக்காரர்கள் ஐந்து பேருக்கு தினமும் இவர் கணக்கில் விஸ்கி. தனக்கு ஒரு கைக்கடிகாரம். சேவைக் கட்டணம் தானாக வெட்டுப்படுகிறது என்று அனிதா சொல்லியும், அறை துடைப்பவருக்குத் தனியாகச் சந்தோசக் காசு வேறு. அதுவும் நாலு பேர் பார்க்கும்போது மட்டும். வீட்டில் நீ தரை துடைத்தபோது ஒரு நல்ல வார்த்தையாவது சொன்னாரா?

கடைசி நாள் காலை பில்லைத் தூக்கிக்கொண்டு, பேசுவதற்கு அனிதாவையும் கூட்டிக்கொண்டு கவுன்டருக்குப் போனார்.

"நாங்க கூட்டமா வந்திருக்கோம், பாத்துப் போடச் சொல்லு."

"அம்மாட கார்ட்லருந்து காசு வெட்டியாச்சு அப்பா."

"கேளு புள்ள. கேட்டாத்தானே கொறைப்பாங்க? கடைசி அம்பதையாவது விடச் சொல்லு."

பிள்ளை வெட்கத்தோடு கேட்டாளாம். அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு அதே பில்லில் இன்னொரு பிரதி அச்சடித்துக் கொடுத்தாளாம்.

அனிதாவின் முதல் வருஷக் கட்டணம் அப்படியே போயிற்று. திரும்பி வந்ததும் கேட்டேன். "அடுத்த வருஷம் படிக்கட்டுமே, படிப்பு எங்க ஓடிறப் போகுது?" என்றார். கப்பல் கப்டனோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வருவதில்லை. கோபப்படவும் ஒரு ஆள் வேண்டுமே.

இனி நல்ல செய்தி. நான் வேலை செய்யும் அரசாங்கக் கச்சேரியில் கடன் எடுத்தேன். அனிதாவுக்குக் கண்டியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. விண்ணப்பத்தை உன் வீட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். "பொறுப்பாளர்" என்ற இடம் வந்ததும் அவர் பேனாவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என் பேருதானே? கையெழுத்து எங்க வைக்கணும்?"

அனிதா தலையைத் தூக்கவில்லை. "ஒங்க பேர மேல தகப்பன்னு போட்டாச்சு அப்பா. இது பொறுப்பா இருக்கிறவங்க பேரு" என்றாள். என் பெயரை எழுதி, தாளை என் பக்கம் தள்ளினாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அவள் படித்து முடிக்கும்வரை ஒரு தவணையும் தவறாது, அக்கா. உனக்கு இனி அவளைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். அவரைப் பற்றி ஒரு வரியும் வராது.

உன் தங்கச்சி,
அனிதாவின் பொறுப்பாளர்